கடைசி ஆள் வந்த பிறகு படகு ஏறுவோம்: கம்ப்ரே தீவுக்குச் சைக்கிளில் கிளம்பும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வார இறுதிப் பயணங்களுக்கு ஆள் சேர்க்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்து வெயில் கொஞ்சம் தலைகாட்டியதும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் வழக்கமாக வரும் செய்தி இந்த ஆண்டும் வந்துவிட்டது. 'சனிக்கிழமை கம்ப்ரே தீவு. சைக்கிள்ல ஒரு சுத்து. யாரெல்லாம் வர்றீங்க?' பார்த்ததும் எனக்கு மகிழ்ச்சிதான். கிளாஸ்கோவிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பக்கூடிய தீவுகளில் சைக்கிளுக்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியாது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இந்தத் தீவின் முழுப்பெயர் கிரேட் கம்ப்ரே. அதைச் சுற்றிக் கரையை ஒட்டியே ஒரு சாலை ஓடுகிறது. முழுச் சுற்றும் 16 கிலோமீட்டர்தான். சொல்லும்படியான ஏற்றம் கிடையாது.

அந்தச் செய்திக்குக் கீழே ஒருவர், 'சுத்தி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?' என்று கேட்டிருந்தார். மளமளவென்று பதில்கள் வந்தன. ஒரு மணி நேரம் என்றார் ஒருவர். போன வருடம் ஐம்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்றார் இன்னொருவர். அப்புறம் ஒருவர், 'நான் சைக்கிள் ஓட்டிப் பல வருஷம் ஆச்சு, நானும் வரலாமா?' என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் பதிலே வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் உங்களிடம் கேட்பது இதுதான்: அந்தக் கேள்வியைக் கேட்டவரை மனதில் வைத்து நாளைத் திட்டமிடுங்கள். எந்த ரயில், எந்தப் படகு, எங்கே சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எல்லாவற்றையும் குழுவில் மெதுவாக வரப்போகிறவரை வைத்தே முடிவு செய்யுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை நான் அப்படிச் செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை, நாங்கள் 14 பேர் போனோம். ஏற்பாடு முழுக்க என்னுடையது. எங்களோடு ஓர் அக்கா வந்திருந்தார். பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் கியர் சைக்கிளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். சீட் அவருக்கு உயரம். நிறுத்தினால் ஒரு கால்விரல் மட்டும்தான் தரையில் படும். தீவுக்குப் படகு கிளம்பும் லார்க்ஸ் ஊரின் ஸ்டேஷன் வாசலிலேயே அதை நான் கவனித்தேன். கவனித்தும் படகுக்கு நேரமாகிறதே என்று விட்டுவிட்டேன். சீட்டை இறக்க இரண்டு நிமிடம் போதும். கியரை எப்போது மாற்ற வேண்டும் என்று சொல்லித்தர இன்னும் ஐந்து நிமிடம். ஏழு நிமிட வேலையை நான் செய்யவில்லை.

தீவின் கிழக்குப் பக்கம் எல்லாரும் ஒன்றாகத்தான் போனோம். தெற்கே இருக்கும் மில்போர்ட் ஊரில் சாப்பிட்டோம். சுமை குறையட்டும் என்று அக்காவின் பையை ஒரு தம்பி வாங்கித் தன் கேரியரில் கட்டிக்கொண்டான். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தப் பைக்குள்தான் அவருடைய தண்ணீர் பாட்டிலும் போனும் இருந்தன. மேற்குப் பக்கம் திரும்பியதும் பின்காற்று தள்ளியது. முன்னால் போனவர்களுக்கு வேகம் பிடித்துவிட்டது. நானும் முன்னால்தான் இருந்தேன். மூன்றரைப் படகைப் பிடித்துவிட்டால் இரவு விருந்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம் என்று யாரோ சொன்னார்கள், எல்லாரும் மிதித்தோம். படகுத்துறையில் இறங்கி எண்ணிப் பார்த்தால் 13 பேர்.

'பின்னாலதான் வந்துட்டிருந்தாங்க' என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். கடைசியாக அவரை எங்கே பார்த்தோம் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. ஒன்பது பேர் படகேறிவிட்டார்கள். நான் வந்த வழியே திரும்பினேன். இப்போது அதே காற்று முகத்தில் அறைந்தது. மூன்று கிலோமீட்டர் போன பிறகு, ஃபின்ட்ரி விரிகுடாவைத் தாண்டிய ஒரு வளைவில் அக்காவைப் பார்த்தேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார். பல்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே செயின் வசமாகச் சிக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை கறுப்பு. நாயோடு நடக்க வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் குந்தி, ஒரு குச்சியால் செயினை நெம்பிக்கொண்டிருந்தார். அக்கா அழவில்லை, கோபப்படவும் இல்லை. என்னைப் பார்த்ததும், "நீங்கல்லாம் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். நாங்கள் போய்விட்டிருப்போம் என்று அவர் இயல்பாக எடுத்துக்கொண்டதைத்தான் என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

இதில் எனக்கு இன்னும் உறுத்துவது, அவசரத்துக்குக் காரணமே இருக்கவில்லை என்பது. லார்க்ஸுக்கும் கம்ப்ரேக்கும் இடையில் ஓடும் கால்மாக் நிறுவனத்தின் படகு, தீவுகளுக்குப் போகும் வேறு பல படகுகளைப் போல நாளுக்கு மூன்று நான்கு முறை மட்டும் போவதில்லை. பொதுவாக அரை மணிக்கு ஒன்று, கூட்டமான கோடை நாட்களில் அதைவிட அடிக்கடி. கடலைக் கடக்கவே பத்து நிமிடம்தான் ஆகும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஒரு படகு போனால் அடுத்தது வரும். வெளித்தீவுகளுக்குப் போகும்போது படகு நேரத்தைப் பார்த்துப் பதறுவதில் அர்த்தம் இருக்கிறது. கம்ப்ரேயில் பதறவே வேண்டாம். காற்று பலமாக அடித்தால் மட்டும் படகு நிற்கக்கூடும், அதைக் கிளம்பும் முன் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த அக்கா மறுபடி சைக்கிள் பக்கமே வரமாட்டார் என்று நினைத்தேன். செப்டம்பரில் நானே போய்க் கேட்டேன். இந்த முறை நாலே பேர், நீங்கள்தான் முன்னால், நீங்கள் நின்றால் நாங்கள் நிற்போம் என்றேன். யோசித்துவிட்டுத்தான் சரி என்றார். அன்று அந்த 16 கிலோமீட்டரைச் சுற்றி முடிக்க எங்களுக்கு ஆறரை மணி நேரம் ஆனது. அதற்கு முன் நான் அந்தத் தீவுக்கு ஐந்து முறையாவது போயிருப்பேன். ஆனால் தீவைப் பார்த்தது அன்றுதான்.

படகுத்துறையிலிருந்து தெற்கே திரும்பினோம், அதாவது கடிகாரம் சுற்றும் திசையில். குழுவாகப் போகிறவர்கள் எல்லாரும் இந்தத் திசையிலேயே போகலாம் என்பது என் கருத்து. இந்த நாட்டில் இடதுபக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இப்படிச் சுற்றினால் வழி முழுக்கக் கடல் உங்கள் கையெட்டும் பக்கத்தில் இருக்கும். நினைத்த இடத்தில் சாலையைக் கடக்காமல் ஓரம்கட்டலாம். இன்னொரு காரணம் காற்று. இங்கே பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தெற்கே போகும்போது அது எதிர்காற்றுதான், ஆனால் கிழக்குக் கரையில் தீவின் மேடு அதைக் கொஞ்சம் மறைத்துவிடும். மேற்குக் கரை திறந்த வெளி, அங்கே வடக்கே போகும்போது அதே காற்று முதுகில் தள்ளும். கால் ஓய்ந்துபோன பிற்பகலில் அந்தத் தள்ளல் புதிதாக ஓட்டுகிறவருக்குப் பெரிய உதவி. காற்று வேறு திசையில் இருக்கும் நாளில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் சாலையோரம் ஒரு கல் சுவர் திடீரென்று எழுந்து நிற்கும். லயன் என்கிறார்கள், படுத்திருக்கும் சிங்கம்போல இருப்பதால். வேகமாகப் போனால் ஏதோ பாறை என்று கடந்துவிடுவோம். அக்கா இறங்கிக் கிட்டே போனார், நாங்களும் போனோம். சுற்றியிருப்பது சிவந்த மணற்கல். அதன் வெடிப்புக்குள் ஒரு காலத்தில் உருகி ஏறி உறைந்த எரிமலைக் கல்தான் இந்தச் சுவர். மென்மையான மணற்கல் தேய்ந்து கரைய, கடினமான கல் மட்டும் நிற்கிறது. சிங்கத்தின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் ஓட்டை வழியாகக் கடலைப் பார்த்தபடி அக்கா ரொம்ப நேரம் நின்றார். எதிர்க்கரையில் ஹன்டர்ஸ்டன் அணுமின் நிலையத்தின் பெரிய கட்டடங்கள் தெரிகின்றன. 2022 ஜனவரியில் அங்கே மின் உற்பத்தி முழுவதும் நின்றுவிட்டது.

கொஞ்சம் தள்ளி, மில்போர்ட் வருவதற்கு முன், கெப்பல் என்ற இடத்தில் கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. நம் குழுக்கள் நிற்காமல் போகும் இடங்களில் இதற்குத்தான் எனக்கு மிகவும் வருத்தம். டேவிட் ராபர்ட்சன் என்ற இயற்கை ஆய்வாளர் இந்தக் கரையின் உயிர்களைத் தேடித் தொகுத்தவர். 1885-இல் ஒரு பழைய தோணியை ஆய்வுக்கூடமாக மாற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அதற்குப் பெயர் ஆர்க். 1900-இல் ஒரு புயல் அதை உடைத்துவிட்டது. அதற்குள் கரையில் இந்த நிலையம் எழும்பிவிட்டது. பல பத்தாண்டுகள் பல்கலைக்கழக நிலையமாக இருந்து, பிறகு களப் படிப்பு மையமாக மாறியது. பிள்ளைகளை அழைத்துப் போகிறீர்களா? அலை வற்றும் நேரத்தைப் பார்த்துப் போங்கள். பக்கத்தில் கேம்ஸ் விரிகுடா, நல்ல மணல். நீர் இறங்கியதும் பாறைக்குழிகளில் நண்டும் கடல்சாமந்தியும் தெரியும். எங்களோடு வந்த சிறுமி ஒரே குழிக்குள் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் பயணக் கணக்கில் சேரும் நேரம்தான்.

மில்போர்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. தீவில் இருப்பது இந்த ஒரே ஊர்தான். தீவு முழுவதிலும் ஏறத்தாழ 1,300 பேர் வாழ்கிறார்கள். வெயில் நல்ல நாளில் அதைவிட அதிகமானவர்கள் வந்து இறங்குவதுண்டு. இது இன்று தொடங்கியதும் இல்லை. கிளாஸ்கோவின் ஆலைகளும் கப்பல் கட்டும் தளங்களும் ஜூலையில் மூடியதும், தொழிலாளர் குடும்பங்கள் துடுப்புச் சக்கரக் கப்பல்களில் கிளைட் ஆற்றோடு இறங்கி இந்தக் கரைகளுக்கு வருவார்கள். 'டூன் த வாட்டர்' என்பார்கள், ஆற்றோடு கீழே போவது என்று பொருள். அந்தக் கப்பல்களில் ஒன்றான வேவர்லி, 1947-இல் ஓடத் தொடங்கியது, இன்றும் கோடையில் கிளைடில் ஓடுகிறது. பாட்டி, பேரன், கைக்குழந்தை என்று வீட்டோடு வந்தவர்களுக்காக வளர்ந்த ஊர் இது. கடற்கரைத் தெருவில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகளைப் பாருங்கள். பந்தயச் சைக்கிளா வைத்திருக்கிறார்கள்? குழந்தைச் சீட் வைத்தது, இரண்டு பேர் மிதிக்கும் டேண்டம், மூன்று சக்கரம் என்று இருக்கும். ஓட்டவே தெரியாதவரைக்கூட முன்னாலோ பின்னாலோ உட்காரவைத்துக் கூட்டிப்போகும் ஏற்பாடு இங்கே எப்போதிருந்தோ இருக்கிறது. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, 'சைக்கிள் தெரியாதவங்களுக்கு இது சரிவராது' என்று உங்கள் அறிவிப்பில் எழுதாதீர்கள். படகுத்துறையிலிருந்து மில்போர்ட்டுக்குப் படகு வரும் நேரத்துக்கு ஒரு பஸ் இருக்கிறது. வயதானவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், மிதிக்க விருப்பமில்லாதவர்கள் அதில் வந்துவிடலாம். மதியம் எல்லாரும் மில்போர்ட்டில் சேர்ந்து சாப்பிடுங்கள். கரையில் முதலைப் பாறை இருக்கிறது. நூறு வருடத்துக்கும் மேலாக வாயும் பல்லும் கண்ணும் தீட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைய பிள்ளைகளும் அதன் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மரங்களுக்கு நடுவே தீவுகளின் பேராலயம் இருக்கிறது, 1851-இல் திறந்தது, வில்லியம் பட்டர்ஃபீல்டு என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. பிரிட்டனிலேயே மிகச் சிறிய பேராலயம் என்று பெயர், உள்ளே ஏறத்தாழ நூறு பேர் உட்காரலாம். சைக்கிளில் கடற்கரையோடு போய்விட்டால் அது கண்ணிலேயே படாது. ஊருக்குள் கொஞ்சம் மேலே ஏற வேண்டும். அந்தச் செப்டம்பர் நாளில் உள்ளே யாரோ ஆர்கன் பழகிக்கொண்டிருந்தார்கள். வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நாங்கள் நாலு பேரும் பின் இருக்கையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

இந்தத் தீவின் பழைய போதகர் ஒருவரைப் பற்றி இங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஜேம்ஸ் ஆடம் என்று பெயர், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தவர். பெரிய கம்ப்ரேக்காகவும் சிறிய கம்ப்ரேக்காகவும், பக்கத்தில் இருக்கும் தீவுகளான பிரிட்டனுக்காகவும் அயர்லாந்துக்காகவும் அவர் ஜெபம் செய்வாராம். எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். தான் நிற்கும் இடத்திலிருந்து உலகத்தைப் பார்த்தவர். நாமும் அங்கே இறங்கும்போது, இது நமக்கு ஒருநாள் சுற்றுலா இடம் என்பதற்கு முன்னால் அவர்களுக்கு ஊர் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எப்படி என்றால், அந்தப் படகுதான் அவர்களுக்கு ரோடு. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் தினமும் அதில்தான் லார்க்ஸுக்குப் போய்த் திரும்புகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கடலைக் கடந்து கில்மார்னக் பக்கம் போக வேண்டும். இருபது சைக்கிளோடு நாம் படகுத்துறையின் முன் குறுக்கே நின்று குழுப்படம் எடுக்கும்போது, பின்னால் காத்திருக்கும் காரில் யார் எதற்காகப் போகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. ஓரமாக நில்லுங்கள். ஊழியர்கள் சொன்ன பிறகு, சொன்ன வரிசையில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். சரிவுப்பாதை ஈரத்தில் வழுக்கும், அதில் மிதித்து ஏற வேண்டாம். நம் வழக்கப்படி புளிச்சோறும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் டீயும் ஐஸ்கிரீமும் பிள்ளைகளுக்கு வேண்டியதும் மில்போர்ட் கடைகளில் வாங்குங்கள். அந்தக் கடைகளுக்குச் சில மாதக் கோடைதான் பிழைப்பு. குப்பையை உங்களோடு திருப்பிக் கொண்டுவந்துவிடுங்கள்.

சாலையில் எப்படிப் போவது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் திருத்திய ஹைவே கோட் என்ற சாலை விதிநூலின்படி இருவர் பக்கம் பக்கமாக ஓட்டலாம். புதியவரோ பிள்ளையோ இருந்தால் வெளிப்பக்கம் அனுபவசாலி ஒருவர் வருவது பாதுகாப்பும்கூட. 30 மைல் வேகம் வரை வரும் வண்டிகள் சைக்கிளிலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகித்தான் முந்த வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அந்த உரிமை நமக்கு உண்டு. அதே நேரம் பின்னால் பஸ்ஸோ வேனோ வந்தால் ஒற்றை வரிசைக்கு மாறி வழிவிடச் சொல்வதும் அதே விதிநூல்தான். 20 பேரை ஒரே கோர்வையாக ஓட்டாதீர்கள். யாராலும் முந்த முடியாது, நடுவில் யாராவது பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள். ஐந்தாறு பேராகப் பிரியுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதலில் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். கடைசியில் வருகிறவர் குழுவிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும். நாம் எப்போதும் தலைகீழாகச் செய்கிறோம், வலுவானவர்கள் எல்லாம் முன்னால் பறந்துவிடுகிறார்கள், பின்னால் உதவி தேவைப்படுகிறவர்கள் தனியாக நிற்கிறார்கள். பஞ்சர் ஒட்டும் பெட்டி, பம்ப், மாற்று டியூப், ஒரு பழைய துணி, எல்லாம் கடைசி ஆளிடம் இருக்க வேண்டும். அவரவர் போனும் தண்ணீரும் அவரவரிடமே இருக்கட்டும். இது என் அனுபவத்தில் நான் கற்றது.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து லார்க்ஸுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். சால்ட்கோட்ஸ் தாண்டும்போது கடல் ஜன்னலை ஒட்டி வரும். ரயிலில் சைக்கிளுக்குப் பணம் வாங்குவதில்லை, ஆனால் ஒரு ரயிலில் சில சைக்கிள்களுக்குத்தான் இடம். பத்துப் பேர் பத்துச் சைக்கிளோடு ஒரே ரயிலில் ஏற முயன்று பாதிப் பேர் பிளாட்பாரத்தில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அங்கேயே குழு உடைந்துவிடும். இரண்டு மூன்று ரயில்களாகப் பிரிந்து போங்கள். இல்லையென்றால் கைவீசிக்கொண்டு போய் மில்போர்ட்டிலேயே வாடகைக்கு எடுங்கள். பெரிய குழு என்றால் கடைக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், யார் யார் எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்து.

மேற்குக் கரைக்குத் திரும்பும் முன் மில்போர்ட்டில் எல்லாரையும் கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லுங்கள், தண்ணீரை நிரப்பச் சொல்லுங்கள். இனிமேல் வரும் பத்துக் கிலோமீட்டரில் வீடுகளே குறைவு. தீவின் மிக அழகான பகுதியும் இதுதான். ஒரு பக்கம் சரிவில் பெரணியும் முட்புதரும். இன்னொரு பக்கம் நீரிணைக்கு அப்பால் ப்யூட் தீவு, அதற்குப் பின்னால் ஆரன் தீவின் மலைகள். ஆரனின் முகடுகள் சேர்ந்து மல்லாந்து தூங்கும் ஆள்போலத் தெரிவதால் இந்தக் கரை மக்கள் அதை உறங்கும் போர்வீரன் என்கிறார்கள். அங்கேயே உயரமான கோட் ஃபெல் 874 மீட்டர். மேகம் அதன் தலையில் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது.

இந்தப் பக்கத்தில்தான் அக்கா அடிக்கடி நிறுத்தினார். ஓரிடத்தில் பாறைமேல் கடல்நாய்கள் கிடந்தன. முதலில் எங்களுக்குக் கல்லாகத்தான் தெரிந்தது. ஒரு கல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது. எண்ணிப் பார்த்தோம், ஏழு. கறுப்பு வெள்ளை உடம்பும் செக்கச்செவேல் என்ற நீள அலகும் கொண்ட சிப்பிபிடிப்பான்கள் கீச்சிட்டுக்கொண்டே நீரோரமாகப் பறந்தன. தூரத்தில் பெரிய வெள்ளைப் பறவை ஒன்று மேலே சுற்றி, சிறகை மடக்கி, கல் விழுவதுபோல நேராகக் கடலுக்குள் பாய்ந்தது. கானட் என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஒவ்வொரு முறையும் அக்கா முதலில் பிரேக்கைத் தொட்டு, வேகம் குறைந்ததும் கியரைக் குறைத்து, அப்புறம்தான் இரண்டு காலையும் ஊன்றினார். சீட்டை இறக்கியிருந்தோம், இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டன. அவர் முகத்தில் பயம் இல்லாததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மே மாதம் செயின் கழன்ற அந்த வளைவு வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. அவரே நிறுத்தி, 'இங்கதானே?' என்றார். சாலையோரச் சுவரில் உட்கார்ந்து கொண்டுவந்த முறுக்கை எடுத்தார். நாலு பேரும் தின்று முடிக்கும் வரை யாரும் மணி பார்க்கவில்லை.

வலுவான கால் உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள், அவர்களைக் கட்டிப்போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு மேலே ஒரு சாலை இருக்கிறது. தீவின் நடுவே ஏறி கிளெய்ட் ஸ்டோன் என்ற உச்சிக்குப் பக்கமாகப் போகும், 127 மீட்டர் உயரம். நல்ல செங்குத்து. தெளிவான நாளில் கிளைட் முகத்துவாரம் முழுவதும் அங்கிருந்து தெரியும். சாப்பாட்டுக்கு முன் அவர்கள் அதை ஒருமுறை ஏறி இறங்கி வரட்டும். பிற்பகலில் எல்லாரோடும் சேர்ந்து மேற்குக் கரையைப் பார்க்கட்டும்.

படகு நேரத்துக்குப் பதிலாகப் பகல் நேரத்தைப் பார்த்து நாளைப் போடுங்கள். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மேயிலிருந்து செப்டம்பர் வரைதான் புதியவர்களைக் கூட்டிப்போக ஏற்ற காலம். அந்தக் காலத்திலும் மழைக்கோட்டு இல்லாமல் யாரையும் படகில் ஏற்றாதீர்கள்.

இந்த ஆண்டு அறிவிப்பை எழுதும்போது, 'ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'கடைசி ஆள் வந்த பிறகு எல்லாரும் ஒரே படகில் திரும்புவோம்' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? சேர்த்தால் நானும் வருகிறேன். பின்னால் வரும் ஆள் நான். பம்ப், டியூப், பழைய துணி எல்லாம் என் பையில் இருக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்ட நண்பருக்கு: நீங்கள் கட்டாயம் வாருங்கள். லார்க்ஸ் ஸ்டேஷன் வாசலில் முதல் வேலையாக உங்கள் சீட்டைச் சரிசெய்து தருகிறேன்.

அன்புடன்,
கிளாஸ்கோவிலிருந்து உங்களில் ஒருவர்